எந்தக் கோப்புறையில் நின்றாலும் ஸ்கிரிப்ட் ஓட வேண்டும்: எங்கே வைப்பது, எப்படி வைப்பது?

ஈசூன்காரன் | திங்கள், இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ். சிங்கப்பூர் தரைப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுச் சேவையிலிருந்து பஸ் வரும் நேரத்தை எடுத்துக் காட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருக்கிறேன். நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு சேவை எண்ணுக்கும் அடுத்த மூன்று பஸ்கள் எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லும். நன்றாகவே ஓடுகிறது.

ஆனால் ஒவ்வொரு முறையும் அது இருக்கும் கோப்புறைக்குப் போய் "பாஷ் பஸ்.எஸ்எச்" என்று தட்ட வேண்டியிருக்கிறது. எல்எஸ், கிட் போன்ற கட்டளைகளைப் போல எங்கிருந்தாலும் "பஸ்" என்று மட்டும் தட்டினால் ஓட வேண்டும். ஒரு நண்பர் /யூஎஸ்ஆர்/பின்-இல் போட்டுவிடு என்கிறார். இன்னொருவர் ஏலியஸ் (கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) போதும் என்கிறார். எது சரி?

இன்னொரு விவரம்: அந்த ஸ்கிரிப்ட் தன் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோப்புகளைப் படிக்கிறது. ஒன்று எனக்கு வேண்டிய நிறுத்தங்களின் பட்டியல். மற்றது டேட்டாமால் கொடுத்த கணக்குச் சாவி.

நெறியாளர் | திங்கள், இரவு 9:20

வழக்கமான நினைவூட்டல்: இங்கே கட்டளைகளையும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறோம், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். இந்த இழையில் பாத், ஹோம் ஆகிய இரண்டு மாறிகளும் எல்லாம் பெரிய எழுத்து. மற்றவை சிறிய எழுத்து.

கோப்பிஓ_கோசோங் | திங்கள், இரவு 9:41

தம்பி, மூன்று வேலைகள் இருக்கின்றன. மூன்றும் தனித்தனி. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் நடந்துவிட்டதாக நினைப்பதால்தான் பலரும் இதில் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதலில், ஸ்கிரிப்டின் முதல் வரி. இப்படி இருக்க வேண்டும்:

#!/யூஎஸ்ஆர்/பின்/என்வி பாஷ்

இதற்கு முன்னால் வெற்று வரியோ இடைவெளியோ இருக்கக் கூடாது. கோப்பை ஓட்டச் சொன்னால் கெர்னல் (இயக்குதளத்தின் மையப் பகுதி) முதலில் பார்ப்பது அதன் தொடக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துகளைத்தான். அவை # உம் ! உம் என்றால், அந்த வரியில் சொல்லப்பட்ட நிரலை எழுப்பி, இந்தக் கோப்பை அதன் கையில் கொடுக்கும்.

அடுத்து, ஓட்டும் அனுமதி:

சிஎச்மாட் +எக்ஸ் பஸ்.எஸ்எச்

நீங்கள் இதுவரை "பாஷ் பஸ்.எஸ்எச்" என்று தட்டியதால் இந்த அனுமதி தேவைப்படவில்லை. அங்கே ஓடியது பாஷ், அதாவது டெர்மினலில் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். உங்கள் கோப்பை அது வெறுமனே படித்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, பாத். கட்டளையில் சாய்கோடு இருந்தால் (./பஸ் என்பதுபோல) ஷெல் எதையும் தேடாது, சொன்ன இடத்துக்கு நேராகப் போகும். சாய்கோடு இல்லாமல் பெயரை மட்டும் சொன்னால், பாத் என்ற பட்டியலில் எழுதியிருக்கும் வீடுகளின் கதவுகளை மட்டும் இடமிருந்து வலமாகத் தட்டிப் பார்க்கும். முதலில் எந்த வீட்டில் அந்தப் பெயரோடு ஆள் இருக்கிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். "எக்கோ $பாத்" என்று தட்டினால் உங்கள் பட்டியல் தெரியும். கோப்புறைகளுக்கு இடையே முக்காற்புள்ளி இருக்கும்.

உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ~/.லோக்கல்/பின் என்று ஒன்றை உருவாக்கி, ஸ்கிரிப்டை அங்கே "பஸ்" என்ற பெயரில் வையுங்கள். கடைசியில் உள்ள .எஸ்எச் வேண்டாம். நாளைக்கு இதையே பைத்தானில் திருப்பி எழுதினாலும் தட்டும் பெயர் மாறக் கூடாது அல்லவா? பாத்தில் நிறுவப்படும் ஸ்கிரிப்டுகளுக்கு அப்படிப்பட்ட பின்னொட்டு கூடாது என்றுதான் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் கொள்கை ஆவணமும் சொல்கிறது.

பழைய_யூனிக்ஸ் | திங்கள், இரவு 10:30

மேலே சொன்னது எல்லாம் சரி. /யூஎஸ்ஆர்/பின்-இல் போடச் சொன்ன அந்த நண்பரிடம் மட்டும் இனி யோசனை கேட்காதீர்கள். அந்தக் கோப்புறை, மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் தொகுப்பு மேலாளருக்குச் சொந்தம். நாளைக்கு ஏதோ ஒரு தொகுப்பு அதே பெயரில் ஒரு கட்டளையோடு வந்தால் உங்கள் கோப்பின் மேலேயே எழுதிவிட்டுப் போகும், உங்களிடம் கேட்காது. கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும் வேண்டும் என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் இருக்கிறது. நிர்வாகி தன் கையால் நிறுவுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் அது.

ஏன் நாம் நிற்கும் கோப்புறையை ஷெல் தானாகத் தேடுவதில்லை என்று அடுத்து யாராவது கேட்பார்கள். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் தேடத்தான் செய்கிறது, அதுவும் முதலிலேயே. பவர்ஷெல் அதைக் கைவிட்டுவிட்டது. யூனிக்ஸ் என்பது பலர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் வளர்ந்தது. பாத்தில் புள்ளியை (நிற்கும் கோப்புறை என்று பொருள்) சேர்த்து வைத்திருக்கும் நிர்வாகி, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய /டிஎம்பி-க்குள் போய், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைத் தட்டுகிறார் என்று வையுங்கள். அங்கே குறும்புக்கார மாணவர் ஒருவர் எல்எஸ் என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்டைப் போட்டு வைத்திருந்தால், அது நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும். பட்டியலின் கடைசியில்தானே புள்ளியை வைத்தேன் என்றாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. எல்எஸ் என்பதை அவசரத்தில் எஸ்எல் என்று தட்டுபவர்கள் நம்மில் எத்தனை பேர்! ./ என்ற இரண்டு எழுத்துகளின் தொல்லை இதற்காகத்தான்.

#! வரி யூனிக்ஸுக்கு வந்தது 1980 வாக்கில், டென்னிஸ் ரிட்சியின் கையால். அதற்கு முன் ஸ்கிரிப்ட் என்றால் ஷெல்லுக்கு மட்டும் புரிந்த சமாசாரம், கெர்னலுக்கு அதைப் பற்றித் தெரியாது. இன்றும் அந்த வரி இல்லாத ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டினால் ஷெல் இரக்கப்பட்டுத் தானே ஓட்டிவிடும். அதே கோப்பைப் பைத்தான் நிரல் ஒன்றின் உள்ளிருந்து அழைத்துப் பாருங்கள், ஓட்டக்கூடிய வடிவம் இல்லை என்று பிழை வரும். "என் டெர்மினலில் ஓடுகிறதே" என்ற புலம்பல்களில் பாதி இந்த வகை.

செங்காங்_அக்கா | திங்கள், இரவு 11:05

மேக் வைத்திருப்பவர்களுக்கு: 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து இயல்பான ஷெல் இசட்எஸ்எச். ஆகவே பாஷ் தொடங்கும்போது படிக்கும் .பாஷ்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டு எதுவும் நடக்கவில்லையே என்று விழிக்காதீர்கள். .இசட்எஸ்எச்ஆர்சி-இல் இந்த வரியைச் சேருங்கள் ($ஹோம் என்பது உங்கள் வீட்டுக் கோப்புறை):

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/.லோக்கல்/பின்:$பாத்"

கடைசியில் உள்ள $பாத்தை மறந்தால் பட்டியலில் உங்கள் கோப்புறை ஒன்று மட்டுமே மிஞ்சும். எல்எஸ் கூடக் கிடைக்காது. அப்படி ஆனால் பதற வேண்டாம். "எக்ஸ்போர்ட் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின்" என்று தட்டினால் அந்தச் சாளரம் உயிர் பெறும், பிறகு கோப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

மேக்கோடு வரும் பாஷ் 3.2, 2006-இல் வெளியானது. ஆப்பிள் அதன் பிறகு புதிய பதிப்புக்கு மாறாததற்கு உரிமம்தான் காரணம் என்பது பொதுவாகத் தெரிந்த கதை. 2009-இல் வந்த பாஷ் 4-இன் பெயர்ச்சாவி வரிசைகள் (எண்ணுக்குப் பதில் பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் பட்டியல்கள்) இதில் கிடையாது. ஹோம்ப்ரூ என்ற தொகுப்பு மேலாளர் வழியாகப் புதிய பாஷ் நிறுவினால் ஆப்பிள் சிலிக்கான் கணினியில் அது /ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்-இல் உட்காரும். முதல் வரியில் /பின்/பாஷ் என்று எழுதியிருந்தால் பழையதுதான் ஓடும். என்வி பாஷ் என்று எழுதியிருந்தால் பாத்தில் முதலில் வருவது ஓடும். கோப்பி தம்பி சொன்ன முதல் வரி அதனால்தான் நல்லது.

இன்னொரு கண்ணிவெடி: இசட்எஸ்எச்-இல் சிறிய எழுத்தில் பாத் என்று ஒரு மாறி இருக்கிறது. பெரிய எழுத்துப் பாத்தும் அதுவும் உள்ளுக்குள் ஒன்றுதான். இசட்எஸ்எச் ஸ்கிரிப்டில் ஏதோ ஒரு கோப்பின் இடத்தைச் சேமிக்க அந்தப் பெயரைப் பயன்படுத்தினால், அடுத்த வரியிலிருந்து எந்தக் கட்டளையும் கிடைக்காது.

ஈசூன்காரன் | செவ்வாய், மாலை 6:48

நன்றி அக்கா, நன்றி ஐயா. கோப்புறையை உருவாக்கி, பெயரை மாற்றி, அனுமதியும் கொடுத்துவிட்டேன். "பஸ்" என்று தட்டினால் "கட்டளை கிடைக்கவில்லை" என்றே வருகிறது. .பாஷ்ஆர்சி-ஐ நான் இன்னும் தொடவில்லை, உபுண்டுவில் தேவையில்லை என்று ஓரிடத்தில் படித்தேன்.

கோப்பிஓ_கோசோங் | செவ்வாய், மாலை 6:55

படித்தது உண்மைதான். உபுண்டுவின் .புரொஃபைல் கோப்பு ~/பின், ~/.லோக்கல்/பின் ஆகிய இரண்டில் எது இருக்கிறதோ அதைப் பாத்தில் சேர்க்கும். ஆனால் உள்நுழையும்போதுதான் பார்க்கும். அந்த நேரத்தில் உங்களிடம் கோப்புறை இல்லையே. வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

ஈசூன்காரன் | செவ்வாய், இரவு 7:10

பாத் சரியாகிவிட்டது. இப்போது புதிய பிழை: "நிறுத்தங்கள் கோப்பு இல்லை." கோப்புகள் இரண்டையும் பழைய கோப்புறையிலேயே விட்டிருந்தேன். ~/.லோக்கல்/பின்-க்குள் கொண்டுபோய்ப் போட்டும் பார்த்தேன். அந்தக் கோப்புறைக்குள் நின்று தட்டினால் ஓடுகிறது, வேறெங்கே நின்றாலும் ஓடுவதில்லை.

பழைய_யூனிக்ஸ் | செவ்வாய், இரவு 8:22

இப்போதுதான் கேள்வியின் உண்மையான பாதிக்கு வந்திருக்கிறீர்கள். பாத்தில் ஒரு வரி சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. எங்கிருந்து அழைத்தாலும் குழம்பாமல் நடந்துகொள்ளும்படி ஸ்கிரிப்டை எழுதுவதுதான் வேலை. கேட்பவர்கள் எல்லோரும் முன்னதை மட்டும் கேட்கிறார்கள்.

ஸ்கிரிப்ட் எங்கே படுத்திருக்கிறது என்பது வேறு, அதை அழைத்தவர் எங்கே நிற்கிறார் என்பது வேறு. உள்ளே "நிறுத்தங்கள்.டிஎக்ஸ்டி" என்று வெறும் பெயரை எழுதினால், அது அழைத்தவர் நிற்கும் கோப்புறையில் தேடப்படும். இதுவரை ஓடியதற்குக் காரணம், நீங்கள் எப்போதும் அதே கோப்புறைக்குள் போய்விட்டு ஓட்டியதுதான்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் மருந்து, ஸ்கிரிப்ட் எந்த முகவரியில் அழைக்கப்பட்டது என்று சொல்லும் $0-இலிருந்து ஸ்கிரிப்டின் இடத்தைக் கண்டுபிடிப்பது:

டிர்="$(டிர்நேம் "$0")"

இது பாதி மருந்து. ஸ்கிரிப்டைத் திட்டக் கோப்புறையிலேயே விட்டுவிட்டு, ~/.லோக்கல்/பின் கோப்புறையில் அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (இணைப்பு) மட்டும் வைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் வைக்கிறேன், கிட் பதிவுசெய்யும் திருத்த வரலாறு ஒரே இடத்தில் இருக்கும். அப்படி வைத்தால் $0 காட்டுவது இணைப்பின் இடத்தை, கோப்பின் இடத்தை அல்ல. ஆகவே:

டிர்="$(டிர்நேம் "$(ரீட்லிங்க் -எஃப் "$0")")"

மேக்கில் ரீட்லிங்குக்கு -எஃப் வந்தது 12.3 பதிப்பில்தான். இணைப்பை உருவாக்கும்போது "எல்என் -எஸ்" கட்டளைக்கு மூலக் கோப்பின் முழு முகவரியைக் கொடுங்கள். அரைகுறை முகவரி கொடுத்தால் அது இணைப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும், எங்கும் போய்ச் சேராது.

ஆனால் உங்கள் விஷயத்தில் இது எதுவும் வேண்டாம் என்பேன். நிறுத்தங்களின் பட்டியலும் சாவியும் ஸ்கிரிப்டின் உடன்பிறப்புகள் அல்ல, அவை உங்கள் சொந்த அமைப்புகள். ~/.கான்ஃபிக்/பஸ் என்று ஒரு கோப்புறை போட்டு அங்கே வையுங்கள். ஸ்கிரிப்டில் "$ஹோம்/.கான்ஃபிக்/பஸ்/நிறுத்தங்கள்.டிஎக்ஸ்டி" என்று முழு முகவரி எழுதுங்கள். சாவிக் கோப்புக்குச் சிஎச்மாட் 600, உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி. ~/.லோக்கல்/பின் கோப்புறையில் ஓடக்கூடியவை மட்டுமே இருக்க வேண்டும்.

ஜூரோங்_இரவுப்பணி | செவ்வாய், இரவு 11:40

சற்று மாற்றுக் கருத்து. சொந்த மடிக்கணினியில் ஒரே ஆள். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் வைத்தால் என்ன குறை? அது பெரும்பாலும் பாத்தில் ஏற்கெனவே இருக்கிறது, எந்தக் கோப்பையும் திருத்த வேண்டாம். இன்னொரு நன்மையும் உண்டு: நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சுடோ கட்டளை. உபுண்டுவில் சுடோ உங்கள் பாத்தை மதிக்காது, தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ~/.லோக்கல்/பின்-இல் உள்ள கட்டளையைச் "சுடோ" சேர்த்துத் தட்டினால் கிடைக்கவில்லை என்றே வரும். /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற எனக்கு இது தினசரி விஷயம்.

பழைய_யூனிக்ஸ் | புதன், காலை 7:15

சர்வருக்கு நீங்கள் சொல்வது சரி. பஸ் நேரம் பார்க்க எதற்குத் தம்பி சுடோ? மாணவர் கல்லூரி ஆய்வுக்கூடக் கணினியிலும் இதை வைக்க ஆசைப்படுவார், அங்கே நிர்வாகி அனுமதி கிடைக்காது. வீட்டுக் கோப்புறைப் பழக்கம் எங்கும் செல்லும். அதோடு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுடோ போட்டுப் பழகிய கை, ஒரு நாள் தேவையில்லாத இடத்திலும் போடும்.

ஜூரோங்_இரவுப்பணி | புதன், காலை 7:31

ஆய்வுக்கூட வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. என் சர்வர்களில் நான் மாற்றப்போவதில்லை.

தேக்கா_டீ | புதன், மதியம் 1:02

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருக்கிறேன். மேலே சொன்ன அனைத்தும் செய்தாயிற்று. "பாஷ்\ஆர் என்ற கோப்போ கோப்புறையோ இல்லை" என்று என்வி சொல்கிறது. அந்த \ஆர் எங்கிருந்து வந்தது?

கோப்பிஓ_கோசோங் | புதன், மதியம் 1:20

நோட்பேடில் திருத்தியிருப்பீர்கள், அல்லது விண்டோஸ் பக்கத்துக் கிட் எடுத்து வந்திருக்கும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு எழுத்துகளை வைக்கும், யூனிக்ஸுக்கு ஒன்றுதான். மிச்சமுள்ள அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் பாஷின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வாலோடு ஒரு நிரலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? "டாஸ்2யூனிக்ஸ் கோப்புப்பெயர்" என்று தட்டுங்கள், தீர்ந்தது. திருத்தியில் வரி முடிவை எல்எஃப் (யூனிக்ஸின் அந்த ஒற்றை எழுத்து) என்று மாற்றி வையுங்கள், திரும்ப வராது.

ஸ்கிரிப்டை சி டிரைவுக்குள் வைக்காமல் லினக்ஸ் பக்கத்து வீட்டுக் கோப்புறையில் வையுங்கள். சி டிரைவில் ஓட்டும் அனுமதி இயல்பாக எல்லாக் கோப்புகளுக்கும் இருப்பதுபோல் காட்டும், சிஎச்மாட் அங்கே பெயருக்குத்தான்.

செங்காங்_அக்கா | புதன், இரவு 8:50

ஏலியஸ் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நீண்ட கட்டளை ஒன்றுக்குச் சுருக்கப் பெயர் வைக்க ஏலியஸ் போதும். ஆனால் அது நீங்கள் தட்டும் ஷெல்லுக்கு மட்டுமே தெரியும். வேறொரு ஸ்கிரிப்ட் உள்ளிருந்து அழைத்தால் கிடைக்காது, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானுக்கும் கிடைக்காது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஸ்கிரிப்ட் உதவாது: கோப்புறை மாற்றுவது. "திட்டக் கோப்புறைக்குப் போ" என்று சிடி கட்டளையை ஸ்கிரிப்டில் எழுதி ஓட்டினால், ஓடி முடிந்ததும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். ஸ்கிரிப்ட் ஓடுவது தனி ஷெல்லில், அது போய்விட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு .பாஷ்ஆர்சி-இல், நீங்கள் தட்டும் ஷெல்லுக்குள்ளேயே ஓடும் ஒரு ஃபங்ஷன்தான் வழி.

ஈசூன்காரன் | வியாழன், இரவு 9:33

பஸ் எங்கிருந்தும் ஓடுகிறது! உற்சாகத்தில் இன்னொன்று எழுதினேன், சுற்றுப்புற வாரியத்தின் புகைமூட்டக் குறியீட்டை ஐந்து வட்டாரங்களுக்கும் காட்டுவது. முதலில் சோதித்துப் பார்க்க "டெஸ்ட்" என்று பெயர் வைத்தேன். தட்டினால் ஒன்றுமே வருவதில்லை, பிழைகூட இல்லை. ./டெஸ்ட் என்றால் ஓடுகிறது.

பழைய_யூனிக்ஸ் | வியாழன், இரவு 9:47

டெஸ்ட் என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை. பாத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஷெல் அதை ஓட்டிவிடும். அது பேசாமல் உண்மை, பொய் மட்டும் திருப்பித் தரும் பிறவி. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் முதல் ஸ்கிரிப்டுக்கு இந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

புதுப் பெயர் வைப்பதற்கு முன் "டைப் -ஏ பெயர்" என்று தட்டுங்கள். அந்தப் பெயரில் ஏலியஸ், ஃபங்ஷன், உள்கட்டளை, கோப்பு என்று எவை இருந்தாலும், எந்த வரிசையில் ஷெல் எடுக்கும் என்பதோடு காட்டிவிடும். கட்டளையின் இடத்தைச் சொல்லும் விச் கட்டளையைவிட இதை நம்பலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டை வேறு கோப்புறைக்கு நகர்த்திய பின் பாஷ் பழைய முகவரியையே சொல்லி "இல்லை" என்றால், அது நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். "ஹாஷ் -ஆர்" தட்டினால் மறந்துவிடும்.

ஈசூன்காரன் | வெள்ளி, இரவு 8:15

புகைமூட்ட ஸ்கிரிப்டைக் காலை 7 மணிக்குக் கிரான் மூலம் ஓட்டி ஒரு கோப்பில் சேர்க்கப் பார்க்கிறேன். கையால் ஓட்டினால் சரி. கிரானில் "கிடைக்கவில்லை".

ஜூரோங்_இரவுப்பணி | வெள்ளி, இரவு 8:58

இது என் பேட்டை. கிரான் உங்கள் .புரொஃபைலையும் படிக்காது, .பாஷ்ஆர்சி-ஐயும் படிக்காது. டெபியன், உபுண்டுவில் அதன் பாத் /யூஎஸ்ஆர்/பின்:/பின் மட்டும். இரண்டு வழிகள்: கிரான் வரியில் ஸ்கிரிப்டின் முழு முகவரியை எழுதுவது, அல்லது கிரான் வேலைகளை எழுதும் கிரான்டாப் கோப்பின் தலையில் பாத்= என்று ஒரு வரி சேர்ப்பது. இரண்டாவதைச் செய்தால் $ஹோம், $பாத் என்றெல்லாம் எழுதக் கூடாது. கிரான் அவற்றை விரிக்காது, எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கோப்புறையையும் முழுதாக எழுதுங்கள்.

எங்காவது வாடகைச் சர்வரில் ஓட்டினால் நேர வலயத்தையும் பாருங்கள். பல சர்வர்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அங்கே காலை 7 என்றால் நமக்குப் பிற்பகல் 3.

ஈசூன்காரன் | வெள்ளி, இரவு 9:40

முழு முகவரி எழுதினேன், ஓடுகிறது. ஆய்வுக்கூடக் கணினியிலும் வைப்பதற்காக இரண்டு ஸ்கிரிப்டுகளையும் கிட்டில் ஏற்றப் போகிறேன். சாவி ~/.கான்ஃபிக்கில் தனியாக இருப்பதால் அது சேராது. பஸ் ஸ்கிரிப்டின் தொடக்கம் இப்படி இருக்கிறது, சரியா?

#!/யூஎஸ்ஆர்/பின்/என்வி பாஷ்
கான்ஃபிக்="$ஹோம்/.கான்ஃபிக்/பஸ்"
சாவி="$(கேட் $கான்ஃபிக்/சாவி.டிஎக்ஸ்டி)"
நிறுத்தம்="$1"

பழைய_யூனிக்ஸ் | வெள்ளி, இரவு 9:52

மூன்றாவது வரியில் $கான்ஃபிக்/சாவி.டிஎக்ஸ்டி என்பதைச் சுற்றியும் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். ஆய்வுக்கூடக் கணினியில் பயனர் பெயருக்குள் இடைவெளி இருந்தால் அங்கே உடையும். நான்காவது வரிக்குப் பிறகு, எண் கொடுக்காமல் வெறுமனே "பஸ்" என்று தட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.

செங்காங்_அக்கா | வெள்ளி, இரவு 10:04

ஏற்றியதும் முகவரியைப் போடுங்கள் தம்பி. மேக்கில் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். தேதிக் கட்டளை இங்கே வேறு மாதிரி, வந்து சேரும் நேரத்தை நிமிடமாக மாற்றும் இடத்தில் நிச்சயம் இடறும்.